ஜாம்பி இரையை எப்படிக் கண்டுபிடிக்கும்? மூக்கு, கண், காது: ஒரு புலன் கணக்கு

ஜாம்பிக் கதைகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வந்தே தீரும். ஒரு கதையில், பிணவாடையை உடம்பில் பூசிக்கொண்டு ஜாம்பிக் கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்து தப்பிவிடுகிறார்கள். இன்னொன்றில், ஒரு தகர டப்பா உருண்ட சத்தத்துக்குத் தெருவே திரண்டு வருகிறது. மூன்றாவதில், இருட்டிவிட்டால் ஜாம்பிக்குக் கண் தெரியாது என்கிறார்கள். அப்படியானால் அது எதை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது?

மனித உடம்பில் என்னென்ன புலன்கள் இருக்கின்றன, மூச்சும் ரத்த ஓட்டமும் நின்றால் எது முதலில் போகும், எது கடைசி வரை மிஞ்சும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால் இதற்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது. ஜாம்பி கற்பனைதான். அது கடன் வாங்கியிருக்கும் உடம்பு கற்பனை இல்லை.

எந்த ஜாம்பியைப் பற்றிப் பேசுகிறோம்?

சொல் ஹைட்டி நாட்டிலிருந்து வந்தது. அங்குள்ள வூடூ நம்பிக்கையில் ஜாம்பி யாரையும் தின்பதில்லை. மந்திரவாதி எழுப்பிவிட்ட பிணம் அது. அவனுக்கு அடிமையாக வயலில் உழைக்கும். மனிதரைத் துரத்தித் தின்னும் ஜாம்பி 1968-ல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் படத்துக்குப் பிறகுதான் பரவலானது. நமக்குத் தெரிந்த வேதாளமும் பிணத்துக்குள் புகுவதுதான். ஆனால் அது யோசிக்கும், கதை சொல்லும், கேள்வி கேட்டு மடக்கும். இங்கே நாம் பேசுவது யோசனை அற்ற, பசி மட்டும் உள்ள உடம்பைப் பற்றி.

அதிலும் இரண்டு வகை உண்டு. இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் மற்ற எல்லாமே குழம்பிவிடும்.

1. தொற்று வகை: ஆள் சாகவில்லை. ஏதோ கிருமி மூளையைப் பிடித்திருக்கிறது. இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது.

2. பிண வகை: ஆள் செத்துவிட்டார். ரத்த ஓட்டம் இல்லை. ஆனால் உடம்பு நடக்கிறது.

தொற்று வகைக்கு நிஜ உலகில் நெருங்கிய உறவு வெறிநாய்க்கடி நோய். அந்த வைரஸ் எச்சிலில் பெருகும், கடியால் பரவும், நோயாளியைக் கொந்தளிக்க வைக்கும். முற்றிய நோயாளிக்குத் தண்ணீரைக் கண்டால் மட்டுமல்ல, முகத்தில் லேசாகக் காற்றுப் பட்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளும். வெளிச்சமும் சத்தமும்கூடத் தாங்காது. இதைப் பார்த்துவிட்டு, நோய் புலன்களைக் கூர்மையாக்குகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் கண்ணும் காதும் பழைய கண்ணும் காதும்தான். அவை அனுப்பும் சின்னத் தகவலுக்கும் மூளை பெரிதாக எதிர்வினை காட்டுகிறது.

இன்னும் இரண்டு உதாரணங்கள் இதையே சொல்கின்றன. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றிய எலிக்குப் பூனையின் சிறுநீர் வாடை நன்றாகவே தெரியும்; பயம்தான் வருவதில்லை. எறும்பை ஆட்டிவைக்கும் ஓஃபியோகார்டிசெப்ஸ் பூஞ்சை, எறும்பின் மூளைக்குள் நுழையாமல் உடம்பெங்கும் உள்ள தசைகளைச் சுற்றி வலைபோலப் படர்ந்திருப்பதை 2017-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, கிருமி இருக்கும் உறுப்பைத் தன் வசம் திருப்பும். இல்லாத உறுப்பைப் புதிதாகக் கட்டாது. ஜாம்பிக்கும் இதே விதியை வைத்துக்கொள்வோம். மனிதனிடம் இல்லாத புலன் அதனிடமும் இருக்காது.

கண்டுபிடிப்பது என்றால் மூன்று வேலைகள்

இரையைத் தேடும் எந்த உயிரும் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். ஏதாவது இருக்கிறதா? எந்தப் பக்கம்? அது தின்னக்கூடியதா?

இதற்கு நல்ல உதாரணம் உண்ணி. ஜெர்மன் உயிரியலாளர் யாகோப் ஃபான் உக்ஸ்கூல் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே உண்ணியின் உலகத்தை விவரித்திருக்கிறார். செடி நுனியில் காத்திருக்கும் உண்ணிக்குப் பியூட்ரிக் அமில வாடை வந்தால், கீழே ஏதோ பாலூட்டி போகிறது என்று பொருள், பிடியை விட்டுவிடும். விழுந்த இடம் கதகதப்பாக இருந்தால் சரி. முடியில்லாத தோல் தட்டுப்பட்டால் குத்திக் குடிக்கத் தொடங்கும். மாடா, நாயா, மனிதனா என்பது அதற்குத் தெரியாது, தேவையும் இல்லை. மூன்றே குறிகளில் அதன் வாழ்க்கை ஓடுகிறது. யோசிக்காத வேட்டையாளி வேட்டையில் குறைந்தது என்று யாராவது சொன்னால், உண்ணியைக் காட்டலாம்.

மூக்கு: பலரும் நம்புவது, பலமாக இடறுவது

ஜாம்பி மோப்பம் பிடிக்கும் என்பதுதான் பரவலான நம்பிக்கை. பிண வகையைப் பொறுத்தவரை இது நிற்காது என்பது என் முடிவு. காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. மூச்சு இல்லாமல் மோப்பம் இல்லை. வாசனை உணரும் திசு மூக்கின் உச்சியில், கிட்டத்தட்டக் கண்களுக்கு இடையே ஒளிந்திருக்கிறது. காற்றை உள்ளே இழுத்தால்தான் வாசனை மூலக்கூறுகள் அங்கே போய்ச் சேரும். சமையலறையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டால் தாளிக்கும் வாசனை தெரியாமல் போவது இதனால்தான்.

2. ஈரம் வேண்டும். மூலக்கூறுகள் சளிப்படலத்தில் கரைந்த பிறகே நரம்பு முனையைத் தொடும். காய்ந்த மூக்குக்கு இந்த வழி அடைபட்டுவிடும். கொரோனா வந்தபோது ரசத்தின் வாசனைகூடத் தெரியாமல் தவித்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வைரஸ் பெரும்பாலும் தாக்கியது வாசனை நரம்பை அல்ல, அதைச் சுற்றியிருக்கும் துணைச் செல்களை. துணைச் செல்கள் கெட்டதற்கே மூக்கு படுத்துவிட்டது. அழுகும் மூக்கிடம் எவ்வளவு எதிர்பார்க்க முடியும்?

3. தன் நாற்றமே மறைக்கும். அழுகும் உடலிலிருந்து புட்ரெசின், கடாவரின் என்ற இரு வேதிப்பொருள்கள் வெளிவரும். 1885-ல் பெர்லினில் லுட்விக் பிரீகர் இவற்றை இனங்கண்டார். பிணவாடையில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இடைவிடாமல் வரும் வாசனையை மூளை சிறிது நேரத்தில் கணக்கிலிருந்து தள்ளிவிடும் என்பது உண்மைதான். ஆனால் நூறு ஜாம்பிகள் நிற்கும் தெருவில், ஒரு மனிதனின் மெல்லிய வியர்வை வாடை அத்தனை பெரிய நாற்றத்துக்கு மேலே எழும்பித் தெரிய வேண்டுமே!

பிணவாடையைப் பூசிக்கொண்டு தப்பிப்பது நடக்குமா என்று கேட்டால், இந்த மூன்றாவது காரணத்தை வைத்து நடக்கும் என்றே சொல்லலாம். அமெரிக்க வேதியியலாளர் ரேசல் பர்க்ஸ் இதை ஒரு வேதியியல் பாடமாகவே எடுத்திருக்கிறார். புட்ரெசின், கடாவரின், அழுகிய முட்டைக்கோஸ் வாடை அடிக்கும் மெத்தேன்தயால் ஆகியவற்றைக் கலந்த ஒரு பிணவாசனைத் திரவியம் அவருடைய யோசனை. ஆனால் ஒன்று. அது வேலை செய்ய, ஜாம்பிக்கு மோப்பம் இருந்தாக வேண்டும். மோப்பமே இல்லாத ஜாம்பியிடம் அது வீண்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். பல கதைகளில் ஜாம்பி முனகிக்கொண்டே இருக்கும். முனகுவதற்குக் காற்று வேண்டும். நெஞ்சுத் தசைகள் நுரையீரலை அழுத்திக் காற்றை வெளியே தள்ள வேண்டும். அப்புறம் மறுபடி உள்ளே இழுக்கவும் வேண்டும். அப்படியானால் முனகும் ஜாம்பிக்கு மோப்பக் கதவு முழுதாக மூடவில்லை. வாய் திறந்தே கிடப்பதால் பெரும்பகுதி காற்று மூக்கைத் தொடாமல் போய்விடும் என்றாலும், கொஞ்சம் எட்டும். கதாசிரியர் தன் ஜாம்பிக்கு மோப்பம் வேண்டுமென்றால் அதை முனகவிடுவது நல்லது.

தொற்று வகைக்கு இந்தத் தடைகள் எதுவும் இல்லை. மனித மூக்கு நாம் நினைப்பதைவிடத் திறமையானது. புல்வெளியில் சாக்லேட் சாறு தடவிய நூலை வைத்து, கண்ணையும் காதையும் மூடிய மாணவர்களைத் தவழவிட்டார்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள். பெரும்பாலானோர் நாயைப் போல வளைந்து நெளிந்து தடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் தவழ வேண்டியிருந்தது. மூக்கு தரைக்கு அருகில் இருக்க வேண்டியிருந்தது. நிமிர்ந்து நடக்கும் ஜாம்பி இதைச் செய்யாது.

தூரத்து வாசனை இன்னொரு சிக்கல். அது சீரான கோடாகப் பரவுவதில்லை. காற்று அதைக் கிழித்துத் துண்டு துண்டாக எடுத்து வரும். ஒரு நொடி வாடை, அடுத்த நொடி ஒன்றுமில்லை. ஆண் பட்டுப்பூச்சி இதற்கொரு வழி வைத்திருக்கிறது: வாடை பட்டால் காற்று வரும் திசையை நோக்கி முன்னேறும்; வாடை அறுந்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தேடும். இதற்குக் காற்றின் திசையை உணரத் தோல் வேண்டும், சலிக்காமல் தேடும் ஒழுங்கும் வேண்டும். காற்றே இல்லாத நாளில் இந்த உத்தியும் உதவாது.

கொசுவை நினைத்து, மூச்சுக்காற்றில் உள்ள கரியமில வாயுவை ஜாம்பி மோந்து வரும் என்றும் சிலர் சொல்வதுண்டு. நாம் விடும் மூச்சில் அது சுமார் 4 விழுக்காடு, சுற்றியுள்ள காற்றில் 0.04 விழுக்காடுதான். எனவே குறி பலமானதே. ஆனால் கொசுவுக்கு அதை உணரத் தனி உறுப்பு இருக்கிறது. நம் மூக்குக்கு அந்த வாயுவில் வாசனையே இல்லை.

கண்: மங்கும், ஆனால் அசைவு தெரியும்

கண் தானம் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதி எளிது. இறந்தவரின் கண்ணை சுமார் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும்; அதுவரை இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தச் சொல்வார்கள். கருவிழியின் மேலுள்ள கார்னியா படலம் காய்ந்து மங்கிவிடும் என்பதே காரணம். ஜாம்பி இமைப்பதில்லை. கண்ணை விரியத் திறந்தபடி வெயிலிலும் காற்றிலும் அலைகிறது. ஒரே நாளில் அதன் பார்வை பனிபடர்ந்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

உள்ளே இருக்கும் விழித்திரை இன்னும் மென்மையானது. உடம்பிலேயே ஆக்சிஜனை அதிகம் செலவழிக்கும் திசுக்களில் அது ஒன்று. இருந்தும் 2022-ல் ஒரு வியப்பான ஆய்வு வந்தது: இறந்து 5 மணி நேரம் வரை ஆன கொடையாளர்களின் விழித்திரைச் செல்களை ஒளிக்கு மறுபடி பதில் சொல்ல வைத்தார்கள். அதற்கு ஆக்சிஜனும் ஊட்டமும் செலுத்த வேண்டியிருந்தது. தானாக அது நடப்பதில்லை.

மங்கிய கண்ணில் முகம் தெரியாது, நிறம் கலங்கும். ஆனால் பெரிய உருவம் அசைவது கடைசி வரை ஓரளவு தெரியும். அசைவை மட்டும் வைத்துப் பிழைக்கும் உயிர்கள் உண்டு. 1959-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெரோம் லெட்வினும் கூட்டாளிகளும் தவளையின் பார்வை நரம்பை ஆராய்ந்தார்கள். சின்னதாக, இருண்டதாக, அசைவதாக உள்ள பொருளுக்குத் துள்ளி எழும் நரம்பிழைகளைக் கண்டார்கள். அசையாத இரை சுற்றிக் கிடந்தால் தவளை பட்டினியால் சாகும் என்றும் எழுதினார்கள்.

மனிதரிடமும் இப்படி ஒரு பழைய பாதை மிச்சம் இருக்கிறது. மூளையின் இரண்டு பக்கமும் பார்வையைக் கையாளும் புறணிப் பகுதி பக்கவாதத்தால் அழிந்து, முழுக் குருடராகிவிட்ட ஒருவர், நடைவழியில் போட்டிருந்த தடைகளைத் தொடாமல் விலகி நடந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தான் விலகுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஜாம்பியின் பார்வையை நான் இப்படித்தான் கற்பனை செய்கிறேன். பார்க்கிறோம் என்ற உணர்வு இல்லாமலே உடம்பு அசைவின் பக்கம் திரும்புகிறது.

இதன் விளைவு தெளிவு. வெளிச்சத்தில் ஓடுகிறவர் மாட்டுவார், சிலைபோல நிற்பவர் தப்ப வாய்ப்புண்டு. இரவில் ஜாம்பிக்கும் நமக்கும் ஒரே இருட்டுதான். பூனைக்கும் மாட்டுக்கும் இருப்பதுபோல ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் மனிதக் கண்ணில் இல்லை.

காது: ஜாம்பியின் முதல் ஆயுதம்

நேர்மையாகச் சொன்னால், பிண வகையின் உள்காதும் ரத்தம் இல்லாமல் வேலை செய்யாது. உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்களுக்கு மின்னழுத்தம் தருவது ரத்தத்தை நம்பியிருக்கும் ஒரு திசு. ரத்தம் நின்ற சில நிமிடங்களில் அந்த அழுத்தம் சரிந்துவிடும். ஆனால் எந்தப் புலனும் ரத்தம் இல்லாமல் இயங்காது. ஜாம்பி நடப்பதற்கே ஏதோ ஓர் ஆற்றல் வழியை நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டோம். அதே வழி நரம்புக்கும் எட்டும் என்று வைத்துக்கொண்டால், கட்டுமானத்தில் காதுதான் பாதுகாப்பானது. உடம்பிலேயே மிகக் கடினமான எலும்புக்குள் உள்காது புதைந்திருக்கிறது. மூச்சு தேவையில்லை, வெளிச்சம் தேவையில்லை, சுவரும் முழுதாகத் தடுக்காது.

தூரத்தைக் கணக்கிடுவதும் எளிது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். பத்து மடங்கானால் 20 டெசிபல் குறையும். சாதாரணப் பேச்சு 1 மீட்டரில் 60 டெசிபல் என்றால், 10 மீட்டரில் 40, 100 மீட்டரில் 20. அருகில் 140 டெசிபல் அடிக்கும் துப்பாக்கிச் சத்தம், 1 கிலோமீட்டரில் கணக்குப்படி 80. மரமும் கட்டடமும் கொஞ்சம் விழுங்கினாலும் நன்றாகக் கேட்கும்.

இத்தோடு சுற்றுச் சத்தத்தையும் சேர்க்க வேண்டும். பின்னணி இரைச்சல் 40 டெசிபல் உள்ள ஊரில் பேச்சு 10 மீட்டருக்கு அப்பால் கரைந்துவிடும். பேரழிவுக்குப் பிறகு வண்டி இல்லை, மின்சாரம் இல்லை, பின்னணி 20-க்கு இறங்கிவிடுகிறது. அதே பேச்சு 100 மீட்டர் வரை எட்டும். இது வெறும் ஊகம் இல்லை. 2020 ஊரடங்கில் மனித நடமாட்டத்தால் எழும் நில அதிர்வு இரைச்சல் பாதி வரை குறைந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வகைக் குருவிகள் முன்பைவிட மெதுவாகப் பாடியும், பாட்டு இரண்டு மடங்கு தூரம் கேட்டது. ஜாம்பி உலகத்தின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஜாம்பியின் காது கூர்மையாகவில்லை; உலகம் அமைதியாகிவிட்டது.

திசை அறிவதில் மட்டும் குறை வரும். இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதை வைத்து இடமா வலமா என்று மூளை சொல்லும். முன்னா பின்னா, மேலா கீழா என்று சொல்வது காது மடலின் மடிப்புகள். மடல் அழுகி விழுந்த ஜாம்பிக்கு மாடியில் நின்று பேசுபவரின் உயரம் பிடிபடாது. தெருவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வெப்பம், அதிர்வு

சுருக்கமாகவே முடிக்கலாம். குழிவிரியன் பாம்பு ஒரு டிகிரியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வெப்ப மாற்றத்தையும் உணரும், அதற்கென்று முகத்தில் குழி உண்டு. நமக்கு இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும், காற்றே 37 டிகிரியைத் தொடும் கோடை நாளில் உடல்சூடு தனித்துத் தெரியாது. பாலைவனத் தேள் மணல் அதிர்வை எட்டுக் கால்களாலும் அளந்து அரை மீட்டருக்குள் இருக்கும் இரையின் திசையைச் சொல்லும். இரண்டு காலை இழுத்து இழுத்து நடக்கும் உடம்புக்குத் தன் நடையின் அதிர்வே மற்றதை மூடிவிடும்.

சக ஜாம்பியை ஏன் கடிப்பதில்லை?

மூன்றாவது கேள்விக்கு, அதாவது தின்னக்கூடியதா என்பதற்கு, இதுவரை விடை வரவில்லை. சக ஜாம்பியும் சத்தம் போடுகிறது, அசைகிறது. வாசனை இல்லாமல் எப்படிப் பிரிப்பது? எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் விடை, அசைவின் தாளம். உயிருள்ளவர் நடை சீரானது, விரைவானது. நிற்கிறார், திரும்புகிறார், பேச்சில் ஏற்ற இறக்கம் இருக்கிறது. ஜாம்பியின் நடை இழுவை, முனகல் ஒரே சுரம். உண்ணிக்கு மூன்று குறி போதும் என்றால் ஜாம்பிக்கு இரண்டு போதும். முகத்தை அசையாமல் வைத்து, காலை இழுத்து, ஒரே சுரத்தில் முனகிக்கொண்டு போகிறவர், வாடை பூசியவரைவிடப் பத்திரமாக இருப்பார்.

கூட்டம் என்ற புலன்

தனி ஜாம்பி மந்தம். கூட்டம் அப்படி இல்லை. 2013-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் நிழலை விரும்பும் சிறு மீன்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தனி மீனுக்கு நிழல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கவே தெரியவில்லை. வெளிச்சத்தில் வேகமாகவும் நிழலில் மெதுவாகவும் நீந்தும், அவ்வளவுதான். கூட்டமாக விட்டபோது, நிழலில் இருந்தவை மெதுவாக, வெளிச்சத்தில் இருந்தவை வேகமாகப் போக, கூட்டமே தன்னால் நிழலின் பக்கம் வளைந்தது. எந்த மீனுக்கும் தெரியாத திசை கூட்டத்துக்குத் தெரிந்தது.

ஜாம்பிக் கூட்டத்திலும் இதே நடக்கும். ஓரத்தில் உள்ள ஒன்று சத்தம் கேட்டுத் திரும்புகிறது. பக்கத்தில் உள்ளது அந்த அசைவைப் பார்த்துத் திரும்புகிறது. அடுத்தது காலடிச் சத்தத்துக்குத் திரும்புகிறது. ஒருவரின் இருமல் 20 மீட்டர்தான் கேட்டது. ஆனால் அரைக் கிலோமீட்டர் நீளக் கூட்டம் நகர்ந்துவிட்டது.

எண்ணில் போட்டால்

1. மணிக்கு 2 கிலோமீட்டர் நடக்கும் ஒரு ஜாம்பிக்கு இரு பக்கமும் 10 மீட்டர் கேட்கிறது என்றால், ஒரு மணி நேரத்தில் 2,000 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலப் பட்டையைத் துழாவும். அது 0.04 சதுர கிலோமீட்டர்.

2. சதுர கிலோமீட்டருக்கு 100 பேர் ஒளிந்திருந்து பேசிக்கொண்டிருந்தால், மணிக்கு 4 பேர் சிக்குவார்கள்.

3. ஊர் அமைதியாகி அந்த 10 மீட்டர் 100 ஆனால், அதே ஜாம்பிக்கு மணிக்கு 40 பேர்.

ஜாம்பித் தொற்றைக் கணித மாதிரியாக்கியவர்கள் இருக்கிறார்கள். 2009-ல் கனடாவின் ஒட்டாவாவில் ஒரு குழு, 2015-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இன்னொரு குழு. இரண்டாவது குழு, தப்பிக்க ராக்கி மலைத்தொடரின் வடபகுதிக்குப் போகலாம் என்றது, அங்கே மக்கள் நெருக்கம் குறைவு என்பதால். இத்தகைய மாதிரிகளில், ஜாம்பியும் மனிதரும் எவ்வளவு அடிக்கடி எதிர்ப்படுகிறார்கள் என்பதைச் சொல்லச் சந்திப்பு வீதம் என்று ஒரே எண் வரும். நாம் இவ்வளவு நேரம் பார்த்த மூக்கும் கண்ணும் காதும் அந்த ஒற்றை எண்ணுக்குள்தான் அடங்கியிருக்கின்றன. நடை வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் கேட்கும் தூரத்தை இரட்டிப்பாக்கினாலும் அந்த எண் ஒரே அளவுதான் கூடும். மந்தமாக நடந்தாலும் நன்றாகக் கேட்கும் ஜாம்பி, ஓடும் செவிட்டு ஜாம்பிக்குச் சளைத்ததில்லை.

கதவைச் சாத்திய பிறகு

ஆள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி மௌனமாகிவிட்டார். பார்வை இல்லை, சத்தம் இல்லை. ஏறக்குறைய எட்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, பொம்மையைத் துணியால் மூடினால் தேடுவதில்லை. கண்ணில் படாத பொருளை நினைவில் வைத்துத் தேடும் திறன் அதற்குப் பிறகே வருகிறது. யோசனை அற்ற ஜாம்பியிடம் அந்தத் திறனை எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஒற்றை ஜாம்பி சில நிமிடங்களில் விலகிப் போக வேண்டும்.

கூட்டம் விலகாது. முதல் ஜாம்பி கதவைத் தட்டிய சத்தம் இரண்டாவதை இழுக்கிறது. இரண்டாவது தட்டுவது முதலாவதை அங்கேயே நிறுத்துகிறது. உள்ளே இருப்பவர் பின்வாசல் வழியே போய் ஒரு நாள் ஆகியிருக்கலாம். அவை தங்கள் சத்தத்தைக் கேட்டே தட்டிக்கொண்டிருக்கும், தொலைவில் அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று எழும் வரை.